சொன்னால் எழுதுவார்

என் கணவர் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இல்லாமல் போயிற்று. மாட்டுங்காவில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. இருந்தது ஒரே மேஜை. அதில் ஒரு பக்கம் காகிதக் கட்டு, இன்னொரு பக்கம் சீவி வைத்த பென்சில்கள், நடுவில் அவர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள்தான் சாப்பிடுவது? கேட்டால், "கமலம், சத்தம் போடாதே, எழுதிண்டிருக்கேன்" என்பார். எட்டிப் பார்த்தால் காகிதத்தில் தேதி மட்டும் இருக்கும்.

அவர் பெயர் வானமாமலை. நாங்குநேரிக்காரர். சுருக்கெழுத்திலும் டைப்பிங்கிலும் தேறிய சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாற்பத்தேழில் பம்பாய்க்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தான் வந்து இறங்கினார்கள். பல்லார்டு எஸ்டேட்டில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். சேர்ந்த அன்று எந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாரோ, ரிடையரான அன்று அதே அறையிலிருந்துதான் வெளியே வந்தார். முப்பத்தாறு வருஷம், ஒரே முதலாளி. தாராபூர்வாலா என்று ஒரு பார்சிக்காரர். வெள்ளைக்காரர் இல்லைதான், ஆனால் இவருக்கு அவர் துரை.

துரை அறைக்குள் உலவிக்கொண்டே பேசுவார். இவர் முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு அதைக் கோடும் புள்ளியுமாகப் பிடிப்பார். பிறகு டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பார். இதுதான் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஒரு கடிதத்தின் கார்பன் காப்பியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பக்கம் முழுக்க இங்கிலீஷ். "எல்லாம் நீங்க எழுதினதா?" என்று நான் பூரித்துப் போய்க் கேட்டேன்.

"இல்லை, துரை சொன்னது. நான் இங்கே இருக்கேன் பார்" என்று பக்கத்தின் இடது அடி மூலையைக் காட்டினார்.

அங்கே சொன்னவருடைய இனிஷியல் பெரிய எழுத்தில் இருந்தது. பிறகு ஒரு சாய்கோடு. அதற்கப்புறம் டைப் அடித்தவருடைய இனிஷியல் சின்ன எழுத்தில். ஆபீஸ் வழக்கமாம். யார் சொன்னது, யார் அடித்தது என்று பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அந்தச் சின்ன 'என்.வி.' தான் என் கணவர். "இவ்வளவுதானா நீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. சந்தோஷமாகக் காப்பியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து வயிற்றெரிச்சல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவர் எதிரில் யார் பேசினாலும் இவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் கோடு போட ஆரம்பித்துவிடும். உபன்யாசத்துக்குப் போனால் ராமாயணம் முழுவதும் தொடையில் ஏறும். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் கண்டக்டர் யாரோடாவது சண்டை போட்டால் அதையும் எழுதிக்கொள்வார். நான் திட்டும்போதும் அந்த விரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முப்பத்தைந்து வருஷமாக நான் திட்டியதெல்லாம் அவர் வேஷ்டியில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் துவைத்ததும் நான்தான்.

எண்பத்தைந்தில் அவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகமும் போட்டுக் கொடுப்பது எங்களவர்கள் வழக்கம். பெரும்பாலும் ஸ்லோகப் புத்தகம்தான். மாட்டுங்காவில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இப்படி வந்து சேர்ந்தவை ஓர் அடுக்கு இருக்கும். உள்ளே அதே ஸ்லோகங்கள், அட்டையில் மட்டும் வேறு வேறு தம்பதிகள். நானும் அப்படி ஒன்றைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். இவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஸ்லோகம் போடப் போறதில்லை. என் உத்தியோக வாழ்க்கையை எழுதிப் போடப் போறேன்" என்றார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இந்த மனுஷன் 'நான்' என்று ஒரு பேச்சை ஆரம்பித்து நான் கேட்டதே இல்லை. ஒரு புத்தகம், அதன் அட்டையில் இவர் பெயர், அதுவும் பெரிய எழுத்தில். முப்பத்தைந்து வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் சாப்பாட்டு மேஜையை விட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஒரே பிள்ளை நம்பிராஜன் செம்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா, இங்கிலீஷ்ல எழுதிடுங்கோளேன். தமிழ்ல எழுதினா யார் படிப்பா? எனக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்றான்.

"இங்கிலீஷ்ல எழுதினதெல்லாம் கம்பெனிக்குப் போயாச்சு. இது தமிழ்ல" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு தினமும் காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் போவார். மேஜை நாலடி தூரத்தில் இருந்தது. முதல் வாரம் தேதி மட்டும் எழுதினார். அதற்கப்புறம் எப்படியோ பிடித்துக்கொண்டது. பென்சில் ஓட ஆரம்பித்தது. என்னை எட்டிப் பார்க்க விடவில்லை. நானும் எழுத்தாளர் வீட்டுக்காரி மாதிரி வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், "முடிச்சுட்டேன், படிச்சுப் பார்" என்று காகிதக் கட்டை என் மடியில் வைத்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆசையாகப் பிரித்தேன்.

முதல் அத்தியாயம் துரையின் குணநலன்கள். இரண்டாவது, துரையின் கல்கத்தா பயணம். "துரை அவர்கள் மேற்படி பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். பயணம் சௌகரியமாக இருந்ததாகத் தெரிவித்தார்கள்." மூன்றாவது அத்தியாயத்தில் துரைக்கு ரத்தக் கொதிப்பு. நாலாவதில் துரையின் மகள் கல்யாணம், அங்கே என்னென்ன பரிமாறினார்கள் என்பது உள்பட. துரையின் சுழல் நாற்காலிக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியிருந்தார். நான் பொறுமையாகப் புரட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஓரிடத்தில் நானும் வந்தேன்.

"1950ஆம் வருஷம் ஜூன் மாதம் எனக்கு விவாகம் நிகழ்ந்தது. இதன் பொருட்டு துரை அவர்கள் பெருந்தன்மையுடன் பத்து நாட்கள் விடுப்பு அளித்தார்கள். அந்நாட்களில் கடிதப் போக்குவரத்தில் துரை அவர்களுக்கு நேர்ந்த சிரமத்தை எண்ணி இன்றும் வருந்துகிறேன்."

ஒரு தரம் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"ஏன்னா, இது என்னது?"

"என்ன? தேதி தப்பா?"

"தேதி சரிதான். என்னைக் கல்யாணம் பண்ணிண்டதுக்கு முப்பத்தஞ்சு வருஷமா வருத்தப்பட்டுண்டிருக்கேளா?"

"அப்படி எங்கே எழுதியிருக்கேன்? லெட்டர் தேங்கிப் போனதுக்குன்னா வருத்தம்!"

"சரி, அதை விடுங்கோ. இந்தப் புஸ்தகத்துல நீங்க எங்கே இருக்கேள்?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாத்துலயும் நான் பக்கத்துலதானே இருந்தேன்?" என்றார்.

"பக்கத்துல இருந்த நாற்காலிக்குக்கூட ஒரு பக்கம் இருக்கு. உங்களுக்கு ஒரு வரி இல்லை. சாப்பிட்டேளா, தூங்கினேளா, ஒருநாளாவது கோபம் வந்ததா, ஒண்ணும் இல்லை. இது துரையோட வாழ்க்கை. அவர் ஆத்துக்காரி படிச்சா சந்தோஷப்படுவா. நான் என்ன பண்றது இதை வெச்சிண்டு?"

கத்தினேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். இவர் தொடையில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாக, "ப்ரெஸ்ல கொடுத்தாச்சே" என்றார்.

"எதை?"

"முதல் ரெண்டு அத்தியாயத்தை. விசேஷத்துக்கு நாள் ஆயிண்டிருக்கோல்லியோ."

தலையில் அடித்துக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். தோல் பை தைக்கிற பட்டறைகளுக்கு நடுவில் நாகூர் மீரான் என்பவருடைய அச்சுக்கூடம். தமிழ்ப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். நிக்காஹ் பத்திரிகை, அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், சங்கத்துப் பில் புஸ்தகம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் வெளியே போகும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக் கம்போஸ் பண்ணுகிற பழைய ப்ரெஸ். எங்களைப் பார்த்ததும் கை மையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். வந்தவர் முகத்திலும் எரிச்சல்.

"வாங்கய்யா. ஒங்களத் தேடி நானே ஆளு அனுப்பணும்னு இருந்தேன். பதினாறு பக்கம் கம்போஸ் பண்ணதுலயே 'து' காலி, பாத்துக்கிடுங்க. பெட்டியில ஒண்ணு கெடையாது. வரிக்கு ரெண்டு தடவ துரை வாராரு. எங்க மாமா வீட்டு நிக்காஹ் பத்திரிகை அப்படியே நிக்கி. ஆசீர்வாதத்துக்கு 'துஆ'ன்னு போடணும், எங்கிட்டுப் போயி எடுக்க? அம்புட்டும் ஒங்க துரைகிட்ட மாட்டிக்கிட்டுக் கெடக்கு."

"அடுக்கின எழுத்து எல்லாத்தையும் பிரிச்சுடுங்கோ" என்றேன்.

"பிரிச்சிரவா? அய்யா என்ன சொல்லுதாவ?"

இவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடட்டும் என்றுகூட நினைத்தேன். மூன்று மாத உழைப்பு அல்லவா? இவரோ நாகூர் மீரானைப் பார்த்து, "ஆமாம், பிரிச்சுடுங்கோ" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அப்பம் பொஸ்தகம் கெடையாதா?"

"புஸ்தகம் உண்டு. ஆள்தான் இன்னும் அதுக்குள்ள வரலை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். நாகூர் மீரானுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவருக்கு அன்று 'து' கிடைத்த சந்தோஷம்.

மறுநாளிலிருந்து இவர் தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தார். 'நான்' என்று எழுதுவார். பென்சிலைச் சீவுவார். ஜன்னலைப் பார்ப்பார். மறுபடி சீவுவார். ஒரு வாரத்தில் நாலைந்து பென்சில் தேய்ந்ததே தவிர அந்த 'நான்' அப்படியே உட்கார்ந்திருந்தது. "எனக்கு ஒண்ணுமே நடக்கலையே கமலம்" என்றார் ஒருநாள். இன்னொருநாள், "யாராவது சொன்னா எழுதிடுவேன். எனக்கா எழுத வரலை" என்றார். அப்புறம் ஒரு காலையில் சட்டை போடாமல், மேஜைக்குப் போகாமல், ஈஸிசேரில் சாய்ந்தபடி, "ஸ்லோகமே போட்டுடலாம்" என்றார்.

நான் கீழே உட்கார்ந்து தாதரில் வாங்கிவந்த கொத்தவரங்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். வாய் எழுந்துவிட்டது.

"ஒண்ணுமே நடக்கலையாமா? ஒரு ஜூலை மாசம் ரயிலெல்லாம் நின்னு போயி, போரிபந்தர்லேர்ந்து மாட்டுங்கா வரைக்கும் முழங்கால் தண்ணியில நடந்து வந்தேளே, அது யாரு, துரையா? துரை கார்ல போயாச்சு. இந்த ஆத்து வாசல்ல வந்து நின்ன கோலத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன். தலை மேல பிடிக்க வேண்டிய குடையை நெஞ்சுக்கு நேரா பிடிச்சிண்டு! சட்டைக்குள்ள என்னமோ துருத்திண்டிருக்கேன்னு பார்த்தா நோட்டு. துரை சொன்னது நனைஞ்சுடப்படாதாம். மூணு நாள் ஜுரம். நோட்டுல ஒரு சொட்டு ஈரம் இல்லை. இந்த மனுஷனைக் கட்டிண்டு நான் என்னத்தைக் கண்டேன்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காகிதத்தில் பென்சில் ஓடுகிற சரசரப்பு. திரும்பிப் பார்த்தேன். ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் நோட்டு. முகம் வேறு மாதிரி இருந்தது. ஆபீஸில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்ன பண்றேள்?"

"நீ சொன்னது" என்றார். நோட்டைப் பார்த்து வாசித்தார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், நான் கத்தினது அத்தனையும், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். "'இந்த மனுஷனைக் கட்டிண்டு நான் என்னத்தைக் கண்டேன்'. இதோட முடியறது. இதைச் சேர்க்கணுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சேருங்கோ" என்றேன்.

அப்படித்தான் புத்தகம் ஆரம்பித்தது. தினமும் காபிக்கு அப்புறம் நான் சொல்வேன், அவர் எழுதுவார். இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன். மூன்றாம் நாள் பார்த்தால் நானும் துரை மாதிரி உலவிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் உலவ ஏது இடம்? அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்தபடியே அவருடைய வாழ்க்கையைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு பேரோடு ஓர் அறையில் முறை வைத்துத் தூங்கியது, டைப் அடித்து அடித்து விரல் நுனி மரத்துப்போய்ச் சூடான பாத்திரத்தை வெறும் கையால் எடுப்பது, பிள்ளை பிறந்த சேதி தெரிந்த பிற்பகல் ஆபீஸ் கழிப்பறையில் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தது எல்லாம் உள்ளே வந்தன.

இவரோடு வேலை செய்வது சுலபம் என்று நினைத்தால் தப்பு. ஒருநாள் நான் வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். தப்பாகவே எழுதி, சுத்தப் பிரதியும் எடுத்து வைத்திருந்தார்.

"தப்புன்னு தெரியுமோல்லியோ? சொல்லப்படாதா?"

"டிக்டேஷன் நடுவுல பேசப்படாது."

"முடிஞ்ச அப்புறம் சொல்றது!"

"நீ கேக்கலையே. கேட்டா சொல்லுவேன்."

இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு அந்தத் துரை எப்படி முப்பத்தாறு வருஷம் தள்ளினார் என்று முதல் தடவையாக அவர் மேல் இரக்கம் வந்தது. அதன் பிறகு நான் கேட்கப் பழகிக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டேள், யார் என்ன சொன்னா, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்பேன். அவர் சொல்வார். அதை நான் திருப்பிச் சொல்வேன். அவர் எழுதுவார். நேராகவே எழுதித் தொலைக்கக் கூடாதா என்றால், முடியாதாம். என் வாய் வழியாக வந்தால்தான் அவர் கைக்கு எட்டும்.

ஐம்பத்தெட்டில் என் மாமனார் ஊரில் இறந்துபோனார். தந்தி இவருடைய ஆபீஸுக்கு வந்தது, மத்தியானமே வந்துவிட்டது. இவர் வீட்டுக்கு வந்தது விளக்கு வைத்த பிறகு. வந்து, "அப்பா போயிட்டார்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இத்தனை நேரம் எங்கே இருந்தீர்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா? ஆனால் அது எனக்குள் கிடந்து கனன்றுகொண்டே இருந்தது. பெற்ற தகப்பன் போன சேதி கையில் இருக்கும்போது சாயங்காலம் வரை ஒருவன் ஆபீஸில் உட்கார்ந்திருப்பானா? இருபத்தேழு வருஷம் கழித்து, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்டேன்.

நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"துரை பேசிண்டிருந்தார். ப்யூன் தந்தியைக் கொடுத்தான். ஒரு கையால பிரிச்சுப் பார்த்தேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுண்டு பேசிண்டிருந்தார், கவனிக்கலை. எனக்கு நிறுத்தத் தெரியலை."

"தெரியலைன்னா?"

"ஒருத்தர் பேசிண்டிருக்கும்போது எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது கமலம். எழுதிண்டே இருந்தேன். நாலு லெட்டர். அப்புறம் டைப் அடிச்சேன். அவர் கையெழுத்துப் போட்டார். 'குட் நைட்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சொல்லவே இல்லையா அவர்கிட்ட?"

"மறுநாள் ஊருக்குப் போக லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் எக்ஸ்பயர்டுன்னு. அவர் நல்ல மனுஷன்தான், ரொம்ப வருத்தப்பட்டார். ஆனா முதல் நாளே தெரியும்னு நான் சொல்லலை." கவிழ்த்திருந்த நோட்டின் ஓரத்தை விரலால் நீவினார். "அந்த நாலு லெட்டர்ல ஒரு தப்புகூட இல்லை. அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் என்னமோ பண்றது."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இவர் மேலா, அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற துரை மேலா, கேட்காமல் இத்தனை வருஷம் கனன்றுகொண்டிருந்த என் மேலா? அழுதேன். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "எழுதிக்கோங்கோ" என்றேன். அவர் நோட்டை நிமிர்த்தினார். அவர் சொன்னதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், "அந்த நாலு கடிதத்திலும் ஒரு பிழைகூட இல்லை" என்று முடித்தேன்.

பென்சில் நின்றுவிட்டது. குனிந்தபடியே, "கடைசி வாக்கியம் இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன். எழுதினார்.

மூன்று வாரத்தில் முடித்து நாகூர் மீரானிடம் கொடுத்தோம். அவர் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. "எல்லா எழுத்தும் அளவாத்தான் வாருது" என்றார். அச்சுத் திருத்தமெல்லாம் நான் பார்த்தேன். அட்டையில் வானமாமலை என்று எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போட வைத்தேன். "இவ்ளோ பெருசா சுவர் நோட்டீஸுக்குத்தாம்மா போடுவோம்" என்றார் நாகூர் மீரான். பரவாயில்லை, போடுங்கோ என்றேன். கடைசிப் பக்கங்கள் அச்சுக்கு ஏறும்போது மட்டும் இவர் தனியாகத் தாராவிக்குப் போய் வந்தார். என்ன வேலை என்று கேட்டேன். சின்ன வேலை என்றார்.

விசேஷம் மாட்டுங்காவிலேயே ஒரு மண்டபத்தில். காலையிலிருந்தே கூட்டம். தாம்பூலப் பையை வாங்கியவர்கள் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்லோகம் இல்லையா மாமி?" என்று என்னிடமே கேட்டார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? நம்பிராஜன் ஒரு மூலையில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அவன் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

அப்போது துரை வந்தார். எண்பதை நெருங்கிய மனுஷன், கையில் தடி. இவர் மாலையும் பட்டு வேஷ்டியுமாக ஓடிப்போய் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

துரைக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. மரியாதைக்காகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். "இதில் நான் எங்கே வருகிறேன்?" என்று கேட்டார். அங்கங்கே வருகிறீர்கள் என்று இவர் ஏதோ மழுப்பினார். கடைசிப் பக்கத்தில் துரையின் விரல் நின்றது. கண்ணுக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்து, "யார் இந்த வி.எஸ்.?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இவர் என்னைக் காட்டினார்.

நான் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். இடது அடி மூலை. இங்கிலீஷ் எழுத்து. பெரிய எழுத்தில் வி.எஸ்., வானமாமலை செங்கமலம், நான்தான். ஒரு சாய்கோடு. அதற்கப்புறம் சின்ன எழுத்தில் என்.வி.

எனக்கு வந்த கோபத்தை எங்கே போய்ச் சொல்வது? இந்த மனுஷனைப் பெரிய எழுத்தில் பார்க்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? சுவர் நோட்டீஸ் அளவுக்கு அட்டையில் போட வைத்தேன். இவர் எனக்குத் தெரியாமல் தாராவிக்குப் போய், கடைசிப் பக்கத்து மூலையில் தன்னைப் பழையபடி சின்னதாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். முப்பத்தாறு வருஷம் துரை இருந்த இடத்தில் என்னை வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாராக்கும்.

துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "என்னிடம் இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவைகூட, திரும்பச் சொல்லுங்கள் என்று இவர் கேட்டதில்லை. உங்களிடம் கேட்டாரா?"

எனக்கு இங்கிலீஷ் புரியும், பேச வராது. "ஏக் பார்" என்று ஹிந்தியில் சொன்னேன், ஒரே ஒரு தடவை என்று. "ஸிர்ஃப் ஏக் பார்."

"எந்த இடத்தில்?"

புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். படிக்கத் தெரியாதவரிடம் காட்டி என்ன பிரயோஜனம்? இவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. பட்டு வேஷ்டி மேல் விரல் ஓட ஆரம்பித்திருந்தது. எதிரில் யாரும் பேசவில்லை, ஆனாலும் ஓடியது. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

நாதஸ்வரம் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றை எடுத்தது. அப்புறம் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, துரையைப் பார்த்து, இங்கிலீஷில் "ஐ" என்று ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம் என்றார். தந்தி என்றார். ஜன்னல் என்றார். துரை தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடையிலிருந்து வாத்தியார், "நாழியாறது, தம்பதிகள் வரலாம், தம்பதிகள் வரலாம்" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை அவர் இறங்கியே வந்துவிட்டார்.

"சித்த இருங்கோ" என்றேன். "அவர் பேசிண்டிருக்கார்."